சொந்த ஊர் திருப்பூர்

காலையில் கடை திறந்ததும் ஜெயக்கனி முதலில் செய்வது, கேரளத்திலிருந்து வரும் பேரப்பொறிகளைக் கதற விடுவது. காதர்பேட்டைத் துணிச் சந்தைக்கு இப்போது வாங்க வருகிறவை எல்லாம் பொறிகள்தாம். முதலாளிமார் வீட்டில் காலாட்டிக்கொண்டு, முழங்கால் உயரத்தில் சக்கரம் வைத்த ஒரு டப்பாவைச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது பனியன் லாட்டைக் கண்ணால் தடவும், தையல் பிசகை எண்ணும், உலகத்துச் சந்தை விலையை எல்லாம் கூட்டிக் கழிக்கும். பிறகு தேன் குரலில் ஒரு அடிமாட்டு விலை சொல்லும்.

அதற்குத் தெரியாத ஒன்று ஜெயக்கனிக்குத் தெரியும். எதிராளி விலை சொன்ன பிறகு வியாபாரி அதைப் பற்றிப் பேசக் கூடாது.

"ஏனுங்கக்கா, மேக்கால மழைங்களா?" என்று பக்கத்துக் கடையிலிருந்து சென்னியப்பன் குரல் கொடுப்பார். இது இருவருக்குள்ளும் உள்ள ஏற்பாடு.

"மேக்கயா? மேக்க ஒண்ணும் கருக்கலியே அண்ணாச்சி."

"அப்ப கெழக்கால இருக்குமாட்டங்க."

மழையைப் பற்றி இன்னும் நான்கு வார்த்தை. டப்பாவுக்குள் ஏதோ சுழலும். மறுப்பைக் கணக்குப் போடத் தெரிந்த பொறிக்கு அலட்சியத்தைக் கணக்குப் போடத் தெரியாது. "விலையை உயர்த்துகிறேன்" என்று அதுவே சொல்லும். ஊரெங்கும் வானம் முட்ட நெய்கோபுரங்கள் எழும்பி, மனிதக் கை படாமல் சட்டை பிறக்கும் காலத்திலும், பிசகு பிசகுதான். பிசகிய துணியை விற்கும் செகண்ட்ஸ் வியாபாரம் சாகவில்லை. அதைத்தான் கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக நடத்தி, மகள் செந்தூரியைப் பதினேழு வயது வரை கொண்டுவந்திருந்தாள்.

அன்றைக்கு டப்பா விலை ஏற்றிய அதே நேரத்தில் அவள் மணிக்கட்டுத் திரை சிணுங்கியது. வேர்த்திட்ட அலுவலகமான வேரகத்திலிருந்து செய்தி. செந்தூரியின் பணி ஒதுக்கீடு.

வேர்த்திட்டம் வந்தபோது பட்டாசு வெடித்தவர்களில் ஜெயக்கனியும் உண்டு. கடல் ஏறி, மழை பொய்த்து, பாதித் தமிழ்நாடு நாலைந்து நகரங்களுக்குள் வந்து நெருக்கியடித்த காலம் அது. 'இனி எந்தப் பிள்ளையும் பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் போகத் தேவையில்லை' என்று சட்டம் போட்டார்கள். பதினைந்து வயதில் ஒவ்வொரு பிள்ளையோடும் வழித்துணை என்கிற அறிவுப்பொறி உட்கார்ந்து பேசும். எதில் ஆர்வம், எதில் கை ஓடுகிறது என்று கேட்கும். பிள்ளையின் சொந்த ஊர் வட்டாரத்தில் என்ன வேலைக்கு ஆள் வேண்டுமோ அதற்குப் பள்ளி முடிந்ததும் மூன்று வருடம் இலவசமாகப் பயிற்சி கொடுத்து, வேலையும் கொடுக்கும். சொந்த வட்டாரம் தவிர வேறெங்கும் வேலை கிடையாது; கொடுக்கிற கம்பெனிக்கு அபராதம். கேட்கும்போது தேவாமிர்தமாகத்தான் இருந்தது.

செந்தூரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் பின்னால் ஓடும் நொய்யல். எந்த நாட்டில் எந்த நிறம் பேஷனோ அந்த நிறத்தில் அந்த ஆறு ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவள். சின்ன வயதிலேயே பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து அடுப்படியில் காய்ச்சி, அடியில் படிவதைச் சுரண்டிப் பார்த்து, அம்மாவிடம் கரண்டியால் அடி வாங்கியவள். ஆற்றை மீட்க அரசு ஆற்றங்கரையிலேயே நீர்மீட்புப் பயிற்சிக் கூடம் திறக்கப் போகிறது. அந்தச் சீட்டு அவளுக்கென்றே தைத்த சட்டை.

ஜெயக்கனி செய்தியைத் தட்டினாள். "வாழ்த்துகள். செந்தூரிக்கு அவருடைய சொந்த ஊரான உடைவிளையில் கடற்புல் காவலர் பயிற்சியும் பணியும் ஒதுக்கப்பட்டுள்ளன. வரும் திங்கட்கிழமை பேருந்து புறப்படும்."

முதலில் அவள் சிரித்தாள். உடைவிளை திருச்செந்தூர்ப் பக்கம் அவள் புருஷன் ஊர். செந்தூரி பிறப்பதற்கு முன்பே அதைக் கடல் கொண்டுவிட்டது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் படகில் போய், கோயில் இருந்த இடத்துக்கு மேலே மிதந்துகொண்டே தேங்காய் உடைத்துவிட்டு வருகிறார்கள். மீனுக்குத்தான் அங்கே வேலை உண்டு.

பிறகு சிரிப்பு நின்றது.

*

ஜெயக்கனி மகளோடு வேரகத்துக்குப் போனாள். அங்கே கவுன்டருக்கு ஒரு வழித்துணையும், அதற்கு மேலே ஓர் அலுவலரும் இருந்தார்கள். அலுவலர் பெயர் கார்முகிலன். இளவயது, இஸ்திரி கலையாத சட்டை.

"தவறு எதுவும் இல்லை" என்றது வழித்துணை. "சொந்த ஊர் எது என்று கேட்டேன். செந்தூரி சொன்ன பதில் இது." அதற்குப் பின் பதினைந்து வயதுச் செந்தூரியின் குரல் கேட்டது. "எங்களுக்குத் திருச்செந்தூர் பக்கம், உடைவிளை."

செந்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம். கிளாஸ்ல ஒருத்தி பாக்கியில்லாம அப்படித்தான் சொன்னா."

"அய்யா ராசா," என்று ஜெயக்கனி பொறியிடம் குனிந்தாள், "நீ கேட்டது ஊரு. பிள்ள சொன்னது பூர்வீகம். ரெண்டும் வேறல்லா?"

"சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். சொந்தம் என்றால் தனக்கு உரியது. ஊர் என்றால் வாழிடம்."

அகராதியைக் கரைத்துக் குடித்தவனுக்கு அரைக் கிளாஸ் டீயின் ருசி தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டாள். எந்தத் தமிழன் வாடகை கொடுக்கும் ஊரைச் சொந்த ஊர் என்று சொன்னான்? பொங்கலுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற ஊர்தான் சொந்த ஊர். அப்பன் பிறந்தது, குலசாமி குடியிருப்பது, பங்காளிச் சண்டை நடப்பது. அதுவும் போக, 'உங்களுக்கு எந்த ஊரு?' என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது ஊரே இல்லை. ஊரைப் பிடித்து, தெருவைப் பிடித்து, கடைசியில் சாதிக்கு வந்து சேருகிற சுற்றுவழி அது. இத்தனையையும் ஒற்றைச் சொல்லில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். இந்தப் பொறி அந்த மூட்டையைப் பிரிக்காமலே எடை போட்டுவிட்டது.

"சரி, சார்," என்று கார்முகிலனிடம் திரும்பினாள். "நொய்யல் சீட்டு எல்லாம் நிறைஞ்சு போச்சோ?"

"அதெல்லாம் காலியாத்தாம்மா இருக்கு."

"காலியா இருந்தா இவளுக்குக் குடுக்க வேண்டியதுதானே?"

"அது திருப்பூர்க்காரங்களுக்கும்மா."

"பொறவு ஏன் காலியா இருக்கு?"

"திருப்பூர்க்காரங்க யாரும் இல்லையே."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அதன் லட்சணம் காதில் விழுந்தது போல. கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "கடலோரத்திலே ஊருங்க எல்லாம் போயிருச்சு, ஆனா பதிவுல ஆயிரக்கணக்கில பிள்ளைங்க இருக்காங்க. அதனால கடலுக்குள்ள மிதவை கட்டி, புல்லு நட்டு, வேலை உண்டாக்கியிருக்கோம். நல்ல திட்டம்தாம்மா. மிதவையிலேயே சாப்பாடு, படுக்கை எல்லாம்."

"அங்க எம்பிள்ளைக்கு யாரைத் தெரியும்?"

"சொந்த ஊராச்சேம்மா."

செந்தூரி அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். கார்முகிலன் இரக்கப்பட்டவராக வழி சொன்னார். பதிவைத் திருத்தலாம். பெற்றவர் பழைய ஊரைத் துறப்பதாகக் குரல் ஒப்பம் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு சாட்சி. 'இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்' என்று சொல்ல, பதிவிலேயே திருப்பூரைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருவர்.

"ஒரே ஒரு ஆளு போதுமா?" என்றாள் ஜெயக்கனி. லட்சக்கணக்கில் ஜனம் நெரிகிற ஊரில் ஒரு ஆள். இதைவிடச் சல்லிசான சரக்கு உண்டா?

*

மார்க்கெட்டுக்குப் போன பிறகுதான் சரக்கின் அருமை புரிந்தது. டெய்லர் தேனிக்காரர். எம்ப்ராய்டரி போடுகிறவர் மேலூர். டீக்கடை பாலக்காடு. பொறிகளை ரிப்பேர் பார்க்கிற பையன் ஆரணிப் பக்கம். தாத்தா காலத்திலேயே வந்தவர்கள், இங்கேயே பிறந்து இங்கேயே மின்மயானத்தில் எரியப் போகிறவர்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல் வேறு ஊர் சொன்னார்கள்.

கடைசியில் சென்னியப்பனைப் பிடித்தாள். கொங்குத் தமிழ் பேசுகிறவர், நாலு தலைமுறையாகத் துணி யாவாரம். இவர் இல்லையென்றால் யார்?

சென்னியப்பன் நெளிந்தார். "நம்மளுக்கு ஊரு காங்கயம் பக்கமுங்கக்கா. திருப்பூருக்கு யாவாரத்துக்கு வந்தவீகதானுங்க நாம."

"எப்ப வந்திய?"

"எங்க முப்பாட்டன் வந்தாருங்க."

"முப்பாட்டன் வந்தாராம், பேரன் இன்னும் வந்து சேரலியாக்கும்!"

அவர் சிரித்தார், பிறகு வருத்தத்தோடே சொன்னார். "நா சாட்சி சொல்றதா இருந்தாலும், உங்கள எப்படிங்க்கா திருப்பூருங்கறது? பேட்டைல எல்லாரும் உங்களத் தூத்துக்குடிக்காரம்மானு தானுங்களே சொல்றோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் ஜெயக்கனிக்கு வலித்தது. திருப்பூரின் மழைக்குப் பயந்து, அந்த ஊரின் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து, அந்த ஊர் மண்ணில் புருஷனைக் கொடுத்து, கடைசியில் வெறும் தூத்துக்குடிக்காரம்மா.

அன்றைக்குச் சாயங்காலம் செந்தூரிதான் கண்டுபிடித்தாள். "அம்மா, நொய்யல் சீட்டு ஒருத்தனுக்கு மட்டும் வந்திருக்காம். நம்ம ரேணுபாலாக்கா மகன் திபுவுக்கு."

ரேணுபாலா பின் சந்தில் லாட்டுகளுக்கு நீராவிப் பெட்டி போடுகிறவள். ஒடிசாக் கரையிலிருந்து இளம் வயதில் வந்தவள். மார்க்கெட்டுக்கு அவள் 'இந்திக்காரி'. ஒடியா என்று ஒன்று இருப்பதைப் பேட்டை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"வாங்க்கா. லாட்டு இன்னும் முடியலீங்க, நாளைக்குத் தாரனுங்க" என்றாள் ரேணுபாலா, பெட்டியை நிறுத்தாமல். கொங்குத் தமிழ் அவள் வாயில் சென்னியப்பன் வாயில் வருவதைவிடச் சுத்தமாக வந்தது.

"லாட்டு கெடக்கட்டும். ஏ புள்ள, உம்மவன் மெஷின்கிட்ட சொந்த ஊரு திருப்பூருன்னா சொன்னான்?"

"ஆமாங்க. எம்பதிவுலயும் திருப்பூருதானுங்க. வேற ஊரு பேரு அவனுக்குத் தெரியாதுங்களே. நா சொல்லித் தரலீங்க."

"ஏன்?"

நீராவி ஒருமுறை சீறி அடங்கியது. "அங்கயும் மொதல்ல ஊரக் கேப்பாங்க, பொறகு தெருவக் கேப்பாங்க. தெருவச் சொன்னாத் தள்ளி நில்லும்பாங்க. புயல் வந்து அந்தத் தெருவ முழுங்குச்சுங்க. முழுங்குனது முழுங்குனதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஜெயக்கனி வந்த காரியத்தைச் சொன்னாள். சொல்லும்போது இது பேரம் மாதிரியே வந்தது, உனக்கு நான் எவ்வளவு வேலை கொடுத்திருக்கிறேன் என்கிற மாதிரி. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வந்து சொல்றனுங்க" என்றாள் ரேணுபாலா. "ஆனா ஒண்ணுங்கக்கா. மாசத்துக்கொருக்கா 'எப்ப புள்ள ஊருக்குப் போற'ன்னு கேப்பீங்க. அன்பாத்தான் கேக்கறீங்க. அன்னைக்குப் பூராவும் எனக்குச் சோறு எறங்காதுங்க."

ஜெயக்கனி பெட்டி போட்டு முடிந்திருந்த பனியன்களை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

*

மறுநாள் வேரகத்தில் ரேணுபாலா வழித்துணைக்கு முன்னால் நின்று, "இவங்க எங்க ஊர்க்காரங்கதானுங்க" என்றாள். கூட ஒரு சொல் சேர்க்கவில்லை.

"சாட்சி ஏற்கப்பட்டது" என்றது பொறி. "பெற்றவர் பழைய ஊரைத் துறக்கலாம்."

ஜெயக்கனி நேற்றே கொழுந்தனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். அவர் கத்தவில்லை. "அப்பிடின்னா கொடைக்கு இனி உங்ககிட்ட வரி வாங்க மாட்டாங்க மயினி" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்தில் கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பந்தான் ஊரில் உள்ள குடும்பம். வரி வாங்காவிட்டால் நல்லது கெட்டதுக்குச் சொல்லிவிட மாட்டார்கள். கடலுக்கடியில் இருக்கிற ஊரிலிருந்தும் ஒருத்தியைத் தள்ளிவைக்க முடியும்.

"உடைவிளை எங்க சொந்த ஊரில்ல" என்றாள். புருஷன் முகம் வந்து போனது. "எங்க சொந்த ஊரு திருப்பூரு."

"ஒப்பம் பதிவாயிற்று. அலுவலர் இசைவு தேவை."

கார்முகிலன் இசைவு கொடுக்கவில்லை. ரேணுபாலாவை ஏற இறங்கப் பார்த்தார். ஜெயக்கனியையும் செந்தூரியையும் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"இந்தம்மா எப்படிங்க திருப்பூர்?"

"உங்க பொறி ஒத்துக்கிடுச்சே சார்."

"பொறிக்கு என்ன தெரியும்? வர்ற வாரம் கூடத்தைத் திறந்து வைக்க அமைச்சர் வர்றாரு. 'மண்ணின் பிள்ளைகள் மண்ணின் ஆற்றை மீட்கிறார்கள்'னு போர்டு அடிச்சாச்சு. மேடையில நிறுத்தத் திருப்பூர்ப் பிள்ளைன்னு தேடினா, பதிவுல இருக்கறது ஒரே ஒரு ஒடிசாப் பையன். பேப்பர்காரன் சிரிப்பான்." குரலைத் தணித்தார். "நான் ஒண்ணு சொல்றேன். அந்தம்மா பதிவு பொய்யின்னு நீங்க ஒரு குரல் ஒப்பம் குடுங்க. அவனை அவங்க ஊருக்கு அனுப்பிடறேன். அந்த இடத்துல உங்க பொண்ணைச் சிறப்பு ஒதுக்கீட்டுல போட்டுடறேன். இன்னைக்கே முடிஞ்சிடும். உங்களுக்கும் லாபம், எனக்கும் லாபம்."

ஜெயக்கனியின் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு பேரம் படிந்ததில்லை. கேட்டது முழுசாகக் கையில் வந்துவிட்டது. கொடுக்க வேண்டியதும் தன் கைச் சரக்கில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம், அவள் மனசு அந்தச் சீட்டின் மேல் கை வைத்துப் பார்த்தது. மிதவையில் ஒற்றையாகப் படுத்திருக்கும் மகள் கண்ணுக்குள் வந்தாள்.

"அம்மா, இது படியாது" என்றாள் செந்தூரி. சத்தமில்லாமல், கடையில் நின்று சொல்வதைப் போல.

விலை சொன்னவனுக்கு முன்னால் வாயை மூடியே பழகியவளுக்கு அன்று வாய் நிற்கவில்லை.

"சாருக்கு எந்த ஊரு?"

"ஆத்தூர் பக்க..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய கார்முகிலன், வெளியே பொறிக்குக் கேட்டிருக்குமோ என்று சட்டென்று கதவைப் பார்த்தார்.

"ஆத்தூருக்காரரு திருப்பூருல உக்காந்து யாரு திருப்பூருன்னு சொல்லுதாராக்கும்! ஊரு செத்த எடத்துக்குப் பிள்ளைகள லாரி லாரியா அனுப்புதிய. ஆறு செத்துக் கெடக்க எடத்துல ஆளில்லங்கிய. ஆளா இல்ல? சன்னலைத் தொறந்து பாருங்க சார், பேட்டை பூரா ஆளுதான். அத்தனை பிள்ளைகளும் இங்க பொறந்து, இந்த நாத்தத்துல மூச்சு விட்டுப் படிச்ச பிள்ளைக. ஒங்களுக்குப் பிள்ள வேண்டாம், அவன் அப்பனுக்கு அப்பன் எந்தத் தெருவுல நின்னான்னுதான் வேணும். அதுக்கு எதுக்குய்யா இம்புட்டுப் பெரிய மெசினு? எங்க ஊரு டீக்கடை பெஞ்சுல ஒருத்தன உக்கார வச்சா அவனே கேட்டுச் சொல்லிருவானே!"

"சத்தம் போடாதீங்கம்மா. யோசிச்சுச் சொல்லுங்க. இல்லாட்டி ரெண்டு பிள்ளைங்க பதிவையும் நிலுவையில போட வேண்டியிருக்கும்."

"அவ எங்க ஊர்க்காரி. அதையும் பதிஞ்சுக்கிடுங்க."

கதவைத் திறந்தாள். வெளியே நின்ற ரேணுபாலாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. மூவரும் படி இறங்கினார்கள். பாதி வழியில் ரேணுபாலா செந்தூரியின் கையிலிருந்த பையைத் தான் வாங்கிக்கொண்டாள்.

*

கார்முகிலன் சொன்னபடி செய்தார். செந்தூரி நிலுவை. திபு நிலுவை. நிலுவை என்றால் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப முடியாது. உள்ளே சேர்க்கவும் முடியாது. திங்கட்கிழமை உடைவிளைப் பேருந்து செந்தூரி இல்லாமல் போயிற்று. விஷயம் தெரிந்து, பேட்டைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ரேணுபாலாவைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சென்னியப்பனும் பேத்தியோடு போய், தொண்டையைச் செருமி, "திருப்பூருங்க" என்றார். முப்பாட்டன் வந்த காரியம் அன்றைக்குத்தான் முடிந்தது. அவர் பேத்தியும் நிலுவை. நிலுவையிலேயே ஒரு ஊர் உருவாகிக்கொண்டிருந்தது.

கூடத்தை அமைச்சர் திறந்து வைத்தார். மேடையில் நிறுத்த, சென்னையிலிருந்து சில பிள்ளைகளைச் சீருடை மாட்டி அழைத்து வந்து, மாலையே திருப்பி அழைத்துப் போனார்கள்.

மறுநாளிலிருந்து வகுப்பு தொடங்கியது. ஆசிரியரும் பொறிதான், மாணவர் வருகிறார்களா இல்லையா என்பது அதற்குச் சொல்லப்பட்ட வேலையில் இல்லை. நேரத்துக்கு விளக்கு எரியும். வரிசை வரிசையாகப் புது நாற்காலிகள், பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல். பொறி நடுவில் வந்து நின்று, சாயக்கழிவில் உப்பு எப்படிக் கரைகிறது, எந்த நுண்ணுயிர் எந்த நிறத்தைத் தின்னும் என்று வெற்று நாற்காலிகளுக்குப் பொறுமையாக விளக்கும்.

ஆற்றங்கரைப் பக்கத்துச் சன்னல்களுக்கு வெளியே செந்தூரியும் திபுவும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் டெய்லர் மகள், டீக்கடைப் பையன், சென்னியப்பன் பேத்தி என்று ஒரு கூட்டம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்பதற்காக முன்னால் நின்றவர்கள் பாடத்தை ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னார்கள். காலடியில் அந்த வருஷத்துப் பேஷனான ஊதா நிறத்தில் நொய்யல் ஓடியது.

கடையைச் சாத்திவிட்டு மகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஜெயக்கனி கரைமேட்டில் நின்று கேட்டாள். உள்ளே பொறி, வகுப்பு முடிவில், அறைக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தது. சன்னல் பக்கமும் பார்த்தது.

"இன்றைய வருகை: திருப்பூர்க்காரர் எவருமில்லை" என்று பதிந்துவிட்டு விளக்கை அணைத்தது.